மனச்சோர்வு மாத்திரைகள்: எந்த வகை, என்ன பக்கவிளைவு? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சென்ற இதழில் மனச்சோர்வு நோயின் அறிகுறிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நோயைப் பற்றிக் கேட்கவில்லை, மாத்திரையைப் பற்றித்தான் கேட்டிருந்தன. மாத்திரைச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகு எழும் சந்தேகங்களை மருத்துவரிடம் திரும்பப் போய்க் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள் என்பது அக்கடிதங்களிலிருந்து தெரிகிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லாருடைய பெயரையும் நீக்கியிருக்கிறோம். இங்கே நான் சொல்வது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் மாத்திரையை மாற்றுவதோ குறைப்பதோ உங்களை நேரில் பரிசோதித்த மருத்துவர் செய்ய வேண்டிய காரியம்.

கேள்வி: எனக்கு வயது 34. எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம் எழுதித் தந்தார்கள். சாப்பிடத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் குமட்டுகிறது, தலை வலிக்கிறது, இரவில் தூக்கம் விட்டுவிட்டு வருகிறது. மனம் முன்பைவிடப் படபடப்பாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா டாக்டர்?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால், எனக்கு எழுதிய இதையே உங்கள் மருத்துவரிடமும் தொலைபேசியிலாவது சொல்லிவிடுங்கள். நீங்கள் விவரித்திருப்பவை இந்த வகை மாத்திரையைத் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் மிகவும் சாதாரணமாக வருபவை. நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சார்ந்து இயங்குபவை இந்த மாத்திரைகள். உடலில் உள்ள செரட்டோனினில் சுமார் 90 விழுக்காடு மூளையில் இல்லை, குடலில்தான் இருக்கிறது. எனவே செரட்டோனினைத் தொடும் மருந்து வயிற்றுக்குள் போனதும் முதலில் முறையிடுவது குடல்தான்; குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை எல்லாம் அதனால் வருபவை. உணவுக்குப் பிறகு மாத்திரையைச் சாப்பிட்டால் குமட்டல் பெரும்பாலும் தணியும். தூக்கம் கெடுகிறதென்றால் காலை வேளைக்கும், பகலில் தூக்கம் தள்ளுகிறதென்றால் இரவு வேளைக்கும் மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். படபடப்பு அதிகமாக உள்ளவர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி ஒரு வாரம் கழித்து உயர்த்துவது நல்ல வழக்கம். உங்கள் மருத்துவரும் அப்படிக் குறைத்துத் தரக்கூடும்.

இந்த மாத்திரைகளில் நோயாளிகளின் பொறுமையைச் சோதிப்பது என்னவென்றால், தொல்லை முதல் நாளே வந்துவிடுகிறது. பலனோ இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் தலைகாட்டுகிறது, முழுப் பலனுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம்கூட ஆகலாம். இந்த இடைவெளியில்தான் பலர் மாத்திரையைக் கைவிடுகிறார்கள். முதல் சீட்டை எழுதும் மருத்துவர் இதைச் சொல்லாமல் விட்டால் தவறு மருத்துவருடையது என்பதே என் கருத்து.

காத்திருக்காமல் உடனே தெரிவிக்க வேண்டியவையும் சில உண்டு. ஓரிடத்தில் உட்கார முடியாத, உடலுக்குள்ளிருந்து எழும் நிலைகொள்ளாமை, தோலில் தடிப்பு, சாக வேண்டும் என்ற எண்ணம் புதிதாக வருவது அல்லது வலுப்பது, தூக்கமே தேவைப்படாத அளவுக்குத் திடீர் உற்சாகமும் ஓயாத பேச்சும் ஆகியவை அவை. இவற்றில் கடைசியாகச் சொன்னது, நோய் வெறும் மனச்சோர்வு மட்டுமாக இல்லாமல், உச்சமும் தாழ்வும் மாறிமாறி வரும் இருமுனை மனநோயாக இருக்கக்கூடும் என்பதைக் காட்டும். அதற்குச் சிகிச்சையே வேறு.

கேள்வி: மனச்சோர்வு மாத்திரைகளில் மொத்தம் எத்தனை வகை? எனக்கும் என் அக்காவுக்கும் ஒரே நோய்தான் என்கிறார்கள். அவருக்கு ஒரு மாத்திரை, எனக்கு வேறொரு மாத்திரை. இது ஏன்?

பதில்: வகைகளைப் புரிந்துகொள்ள அவை வந்த வரிசையே எளிய வழி. 1952ஆம் ஆண்டு வாக்கில் காசநோய்க்காகச் சோதிக்கப்பட்ட இப்ரோனியாசிட் என்ற மருந்து, நோயாளிகளின் நுரையீரலைவிட அவர்களுடைய மனநிலையை அதிகம் மாற்றியதைக் கவனித்தார்கள். 1957இல் அதை மனச்சோர்வுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். மோனோஅமின் ஆக்சிடேஸ் என்ற நொதியைத் தடுக்கும் முதல் வகை இப்படிப் பிறந்தது. கல்லீரலைக் கெடுத்ததால் இப்ரோனியாசிட் பின்னர் விலக்கப்பட்டது. அதே வகையைச் சேர்ந்த ஃபெனல்சின், ட்ரானில்சிப்ரமின் ஆகியவை வேறெதற்கும் மசியாத நோயில் இன்றும் அரிதாகப் பயன்படுகின்றன. இவற்றைச் சாப்பிடுபவர்கள் நாள்பட்ட பாலாடைக்கட்டி, உப்பிட்டு உலர்த்திய இறைச்சி, புளிக்கவைத்த சோயாப் பொருள்கள் போன்றவற்றைத் தவிர்த்தாக வேண்டும். அவற்றில் உள்ள டைரமின் உடலில் சிதையாமல் தங்கி, இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும்.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ரோலண்ட் கூன், மனச்சிதைவுக்காக அனுப்பப்பட்ட இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வில்தான் பலன் தருகிறது என்று கண்டறிந்து 1957இல் வெளியிட்டார். அதிலிருந்து வந்தது மூவளைய வகை. அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், குளோமிப்ரமின் எல்லாம் இதில் அடங்கும். இவை வலுவான மருந்துகள்தாம். ஆனால் செரட்டோனினோடும், அதைப் போலவே செய்தி கடத்தும் நார்அட்ரினலினோடும் நிற்காமல், இத்தகைய வேதிப்பொருள்கள் வந்து பொருந்தும் இடங்களான ஏற்பிகளில் தொடர்பில்லாத வேறு பலவற்றையும் தடுப்பதால் பக்கவிளைவுகளின் பட்டியல் நீளும்: வாய் உலர்தல், மலச்சிக்கல், கண் மங்கல், சிறுநீர் சரியாக இறங்காமை, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், பகல் தூக்கம், எடை கூடுதல். கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயில் ஒரு வகை உள்ளவர்களுக்கும், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கும், இதயத்தின் மின்கடத்தலில் கோளாறு உள்ளவர்களுக்கும் இவை ஒத்துவராமல் போகலாம். அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் இதயத்தைத் தாக்கி உயிரையே பறிக்கும் என்பதால், தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு இவற்றை மொத்தமாகக் கொடுத்தனுப்ப மாட்டோம்.

1987இன் இறுதியில் அமெரிக்காவில் ஃப்ளுஆக்ஸெடினுக்கு அனுமதி கிடைத்ததும் நிலைமை மாறியது. எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த வகையில் செர்ட்ராலின், பராக்ஸெடின், சிட்டலோப்ராம், எஸ்சிட்டலோப்ராம், ஃப்ளுவாக்ஸமின் ஆகியவையும் அடங்கும். நரம்பணுக்களுக்கு இடையில் வெளியான செரட்டோனின் மீண்டும் உறிஞ்சப்படுவதை இவை தடுக்கின்றன. மற்ற ஏற்பிகளில் அதிகம் கைவைப்பதில்லை. மூவளைய மாத்திரைகளைவிட இவற்றின் பலன் கூடுதல் என்று சொல்ல முடியாது. பாதுகாப்புக் கூடுதல் என்பதால்தான் இன்று முதல் சீட்டில் இவை இடம்பெறுகின்றன.

இதற்குப் பக்கத்து வகை எஸ்.என்.ஆர்.ஐ. வென்லாஃபாக்ஸின், டெஸ்வென்லாஃபாக்ஸின், டுலாக்ஸெடின் ஆகியவை செரட்டோனினோடு நார்அட்ரினலினையும் உயர்த்துகின்றன. எஸ்.எஸ்.ஆர்.ஐ.யின் தொல்லைகளோடு வியர்வையும், சிலருக்கு இரத்த அழுத்த உயர்வும் இவற்றில் சேரும். ஆகவே வென்லாஃபாக்ஸின் சாப்பிடுபவர்கள் அவ்வப்போது இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உடல்வலியும் மனச்சோர்வும் சேர்ந்திருப்பவர்களுக்கு டுலாக்ஸெடின் இரண்டுக்கும் உதவும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

எந்தக் குடும்பத்திலும் அடங்காத மாத்திரைகளும் உண்டு. மிர்ட்டஸபின் தூக்கத்தையும் பசியையும் கொடுக்கும். எனவே தூங்காமல், சாப்பிடாமல் மெலிந்துபோனவருக்கு அது வரம், எடைக்கு அஞ்சுபவருக்குத் தொல்லை. புப்ரோப்பியான், டோபமின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளையும் நார்அட்ரினலினையும் சார்ந்து இயங்குவது. எடையும் கூடாது, தாம்பத்தியமும் கெடாது. ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும், வாயை உலர்த்தும், அளவு கூடினால் வலிப்பைக் கொண்டுவரும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், உணவு உண்ணுதல் தொடர்பான மனநோய் உள்ளவர்களுக்கும் அதை எழுதுவதில்லை. ட்ரஸோடோன் பெரும்பாலும் தூக்கத்துக்காகவே பயன்படுகிறது. ஆண்களில் மிக அரிதாக, வலியோடு மணிக்கணக்கில் நீடிக்கும் விறைப்பை அது உண்டாக்கும். அப்படி நேர்ந்தால் அது அவசர சிகிச்சைக்குரியது. வோர்ட்டியாக்ஸெடினில் முதன்மையான தொல்லை குமட்டல். அகோமெலட்டின் சாப்பிடும்போது கல்லீரல் பரிசோதனையை விடாமல் செய்ய வேண்டும். அமெரிக்காவில் 2019இல் அனுமதி பெற்ற எஸ்கெட்டமின் மூக்கில் பீய்ச்சும் மருந்து. தன் உடலைவிட்டு விலகி நிற்பது போன்ற உணர்வும் இரத்த அழுத்த உயர்வும் வரக்கூடும் என்பதால், மருத்துவமனையிலேயே கொடுத்து இரண்டு மணி நேரம் கண்காணித்த பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2018இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு 522 சோதனைகளையும் 1,16,477 நோயாளிகளையும் எடுத்துக்கொண்டு 21 மருந்துகளை ஒப்பிட்டது. அத்தனையும், ஒப்பிடுவதற்காகக் கொடுக்கப்படும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடப் பலன் தந்தன. அவற்றுக்கிடையே பலனில் இருந்த வேறுபாடு சிறியது, தாங்கிக்கொள்ள முடிவதில் இருந்த வேறுபாடும் கவனிக்கத்தக்கது. ஆகவே, எந்த மாத்திரை என்ற முடிவைப் பெரிதும் தீர்மானிப்பது, எந்தப் பக்கவிளைவை இந்த நோயாளியால் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது என்பதுதான். உங்கள் அக்காவுக்குத் தூக்கமின்மை இருந்திருக்கலாம், உங்களுக்குப் பகல் முழுதும் அசதி இருந்திருக்கலாம். அவருக்கு இரத்த அழுத்தம் இருக்கலாம், உங்களுக்கு வேறு மாத்திரைகள் நடந்துகொண்டிருக்கலாம். இரத்த உறவினர் ஒருவருக்கு ஒரு மாத்திரை நன்றாக வேலை செய்திருந்தால் அதையும் நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்பதால், அக்காவின் மாத்திரையின் பெயரை உங்கள் மருத்துவரிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: எல்லா மனச்சோர்வு மாத்திரையும் எடையைக் கூட்டுமா?

பதில்: இல்லை. மிர்ட்டஸபின், அமிட்ரிப்டிலின், பராக்ஸெடின் ஆகிய மூன்றிலும் எடை கூடும் வாய்ப்பு அதிகம். மற்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ.க்களில் தொடக்கத்தில் சற்றுக் குறைந்து, மாதங்கள் செல்லச் செல்ல மெல்ல ஏறலாம். புப்ரோப்பியானில் பெரும்பாலும் கூடாது. நோயால் விட்டுப்போன பசி திரும்பி வருவதாலும் எடை கூடும். அதை மாத்திரையின் கணக்கில் எழுதக் கூடாது. தொடங்கும் நாளன்று ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவைத்தால் பின்னால் ஊகத்துக்கு இடமிருக்காது.

கேள்வி: எழுதவே தயக்கமாக இருக்கிறது. செர்ட்ராலின் சாப்பிட்டு மனம் தெளிந்துவிட்டது. ஆனால் தாம்பத்திய உறவில் நாட்டமும் குறைந்துவிட்டது, உச்சத்தை அடைவதும் முடியவில்லை. மருத்துவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறேன். என் மனைவிக்கும் இது தெரியாது.

பதில்: நீங்கள் எழுதியது நல்லது, ஏனெனில் எஸ்.எஸ்.ஆர்.ஐ., எஸ்.என்.ஆர்.ஐ. வகைகளில் நீண்டகாலம் நீடிக்கும் பக்கவிளைவுகளில் முதலிடம் இதற்குத்தான். குமட்டலைப் போலத் தானாகப் போய்விடும் என்று இதைப் பற்றிப் பெரும்பாலும் உறுதி சொல்ல முடியாது. தாமாக முன்வந்து சொல்பவர்கள் சிலர்தான். மருத்துவரே நேராகக் கேட்டால் ஆம் என்பவர்கள் அதைப் போலப் பல மடங்கு. பெண்களுக்கும் இது உண்டு, அவர்கள் இன்னும் குறைவாகவே சொல்கிறார்கள். "மாத்திரை தொடங்கிய பிறகு தாம்பத்தியத்தில் மாற்றம் தெரிகிறது" என்ற ஒரு வாக்கியம் போதும், மீதியை மருத்துவரே கேட்டுக்கொள்வார். அதையும் சொல்ல வாய் வராவிட்டால் ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துவிடுங்கள். அப்படி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எனக்கும் உண்டு.

வழிகள் இருக்கின்றன. நோயின் நிலை அனுமதித்தால் அளவைக் குறைக்கலாம். புப்ரோப்பியான், மிர்ட்டஸபின், வோர்ட்டியாக்ஸெடின் போன்ற ஒன்றுக்கு மாறலாம். இருக்கும் மாத்திரையோடு புப்ரோப்பியானைச் சேர்க்கலாம். ஆண்களுக்கு விறைப்புத்தன்மைக்கென உள்ள மாத்திரையைத் தேவைப்படும்போது மட்டும் கொடுக்கலாம். மனச்சோர்வே நாட்டத்தைக் குறைக்கும் நோய் என்பதால், மாத்திரைக்கு முன் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்திய பிறகும் இக்குறை தொடர்ந்ததாகச் சிலர் தெரிவித்திருக்கிறார்கள். அது அரிதாகவே பதிவாகியிருக்கிறது என்றாலும், மருந்தோடு வரும் தாளில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் பரிந்துரைத்தது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். செர்ட்ராலின் போன்ற மாத்திரையில் அது இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றியிறக்கி, குறைந்த பலனையும் கூடுதல் தொல்லையையுமே தரும்.

கேள்வி: கால் எரிச்சலுக்காக நரம்பியல் மருத்துவர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுத்தார். இணையத்தில் பார்த்தால் அது மனச்சோர்வு மாத்திரை என்று போட்டிருக்கிறது. எனக்கு மனநோய் என்று சொல்லாமல் சொல்கிறாரா?

பதில்: இல்லை. நரம்பு வலிக்கும், ஒற்றைத் தலைவலி வராமல் தடுப்பதற்கும் 10 முதல் 25 மில்லிகிராம் போன்ற சிறிய அளவில் அமிட்ரிப்டிலினைத் தொடங்குவது பழைய, நன்கு அறியப்பட்ட முறை. மனச்சோர்வுக்கு இதைவிடப் பல மடங்கு தேவைப்படும். வாய் உலர்வும் காலையில் தூக்கக் கலக்கமும் இந்தச் சிறிய அளவிலும் வரலாம். உறங்கப் போவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே சாப்பிட்டால் காலைக் கலக்கம் குறையும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. இரத்த அழுத்தத்துக்கு, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும், இதயத்துக்கு ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். அம்மா இறந்த பிறகு மனச்சோர்வு வந்து, மூன்று வாரமாகச் செர்ட்ராலினும் சேர்ந்திருக்கிறது. இரண்டு நாளாகப் பேச்சில் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம். வயதுதான் காரணம் என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: வயதின்மேல் பழியைப் போடுவதற்கு முன்னால், இதழ் கைக்கு வரும்வரைகூடக் காத்திராமல், அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தனியே தெரிவித்துவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக விவரத்தை இங்கே தருகிறேன்.

இந்த மாத்திரைகள் சிலருக்கு, சிறுநீரகத்தை நீரைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஹார்மோனைத் தேவைக்கு மேல் சுரக்கச் செய்கின்றன. நீர் தங்கத் தங்க இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. இயல்பான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். அது 125க்குக் கீழே இறங்கினால் குழப்பம், தள்ளாட்டம், வாந்தி, வலிப்பு என்று நிலைமை மோசமாகலாம். முதியவர்கள், அவர்களிலும் பெண்கள், சிறுநீரைப் பெருக்கும் தயசைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே வந்துவிடும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை, மறதி நோய் தொடங்கிவிட்டது என்று சொல்லி என்னிடம் அழைத்து வந்தார்கள். கையெழுத்துப் போடச் சொன்னால் பேனாவைத் தலைகீழாகப் பிடித்தார். அவருடைய சோடியம் 121 இருந்தது. மருத்துவமனையில் சேர்த்து மாத்திரையை நிறுத்தி, சோடியத்தை மெதுவாக ஏற்றிய பிறகு, ஒரு வாரத்தில் தன்னுடைய மருந்துச் சீட்டில் இருந்த எழுத்துப் பிழையை எனக்கே சுட்டிக்காட்டினார். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, தொடங்கும் முன் ஒருமுறையும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ஒருமுறையும் சோடியம் பார்ப்பதை நான் விடுவதில்லை. இந்த ஆபத்து குறைவாக உள்ள மிர்ட்டஸபின் போன்ற ஒன்றுக்குப் பிறகு மாறிக்கொள்ளலாம்.

உங்கள் அப்பா விஷயத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று ஆஸ்பிரின். இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்குச் செரட்டோனின் தேவை. எஸ்.எஸ்.ஆர்.ஐ. அதைக் குறைப்பதால், ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றில் ஒன்று சேரும்போது இரைப்பையில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்புக் கூடுகிறது. ஆஸ்பிரின் தவிர்க்க முடியாததென்றால் இரைப்பையைக் காக்கும் மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பார்கள். மலம் கறுத்துப் போனால் உடனே காட்ட வேண்டும். சிட்டலோப்ராம் சாப்பிடும் முதியவர்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கலாம் என்பதால் 60 வயதுக்கு மேல் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

கேள்வி: ஃப்ளுஆக்ஸெடின் சாப்பிடுகிறேன். இருமல், சளி, முதுகுவலி என்று வந்தால் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: கேட்கும்போது ஃப்ளுஆக்ஸெடினையும் சொல்லிக் கேளுங்கள். பாராசிட்டமால் பொதுவாகத் தொல்லை தராது. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்து, ட்ராமடால் என்ற வலி மாத்திரை, லினசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, இயற்கை மருந்து என்ற பெயரில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை ஆகியவை இதோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவுக்கு மீறிப்போகலாம். கைநடுக்கம், கொட்டும் வியர்வை, வயிற்றுப்போக்கு, பதற்றம், தசைகள் வெட்டிவெட்டி இழுப்பது, காய்ச்சல் என்று சில மணி நேரத்திலேயே அது தீவிரமாகும். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்சிஃபென் சாப்பிடும் பெண்களுக்கு ஃப்ளுஆக்ஸெடினும் பராக்ஸெடினும் ஏற்றவை அல்ல, ஏனெனில் தமாக்சிஃபென் உடலில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதை அவை தடுக்கின்றன. ஃப்ளுஆக்ஸெடின் உடலில் வெகுநாள் தங்கும். அதை நிறுத்திவிட்டு மோனோஅமின் ஆக்சிடேஸ் தடுப்பானைத் தொடங்க ஐந்து வார இடைவெளி வேண்டும். மற்ற பெரும்பாலான மாத்திரைகளுக்கு இரண்டு வாரம் போதும்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. மருந்தோடு வந்த தாளில் "தற்கொலை எண்ணம் ஏற்படலாம்" என்று போட்டிருக்கிறது. தற்கொலை எண்ணத்துக்காகத்தானே டாக்டரிடமே போனோம்! எதை நம்பி நான் மாத்திரையைக் கொடுப்பேன்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அந்த எச்சரிக்கையின் பின்னால் உள்ள கணக்கைச் சொன்னால் பயம் அதற்குரிய அளவில் நிற்கும் என்று நம்புகிறேன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சிறுவர்களையும் வளரிளம் பருவத்தினரையும் சேர்த்துக்கொண்ட 24 சோதனைகளை ஆராய்ந்தது. அவற்றில் 4,400க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். தற்கொலை எண்ணமோ அதற்கான முயற்சியோ மருந்து சாப்பிட்டவர்களில் சுமார் 4 விழுக்காட்டினரிடமும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 2 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. அந்தச் சோதனைகளில் ஒருவர்கூடத் தற்கொலையால் இறக்கவில்லை. 2004இல் எச்சரிக்கை வந்தது; 2007இல் அது 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட வயதில் இந்தக் கூடுதல் தெரியவில்லை, 65க்கு மேல் குறைவாகவே இருந்தது.

இதிலிருந்து நாம் செய்ய வேண்டியது, மாத்திரையை ஒதுக்குவதைவிட முதல் சில வாரங்களிலும், அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் மகளை அருகிலிருந்து கவனிப்பதுதான். தூங்காமல் நடந்துகொண்டே இருப்பது, காரணமில்லாத எரிச்சல், கதவைச் சாத்திக்கொள்வது, பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது ஆகியவற்றைக் கண்டால் அடுத்த சந்திப்புத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அவளிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், உங்களுடையவை உட்பட, பூட்டி வைத்து அன்றன்றைய வேளைக்கு உங்கள் கையாலேயே கொடுங்கள். இந்த வயதில் அதிகம் ஆராயப்பட்டது ஃப்ளுஆக்ஸெடின். அதோடு உளவியல் ஆலோசனையும் சேர்ந்து நடக்க வேண்டும். சிகிச்சையே இல்லாத மனச்சோர்வும் ஆபத்தானது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவரிடம் போயிருக்கிறீர்கள்.

கேள்வி: பராக்ஸெடின் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கருவுற்றிருப்பது நேற்றுத் தெரிந்தது. மாத்திரையை இன்றே தூக்கிப் போட்டுவிடட்டுமா?

பதில்: வேண்டாம், அம்மா. பராக்ஸெடினை ஒரே நாளில் நிறுத்தினால் ஏற்படும் அவதியும், மனச்சோர்வு திரும்புவதும் உங்களுக்கும் கருவுக்கும் நல்லதல்ல. முதல் மூன்று மாதத்தில் பராக்ஸெடின் குழந்தையின் இதயக் குறைபாட்டு வாய்ப்பைச் சிறிதளவு கூட்டக்கூடும் என்ற ஐயம் இருப்பதால், கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்குப் பொதுவாக அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. இந்த வாரமே மனநல மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பார்த்து, தொடர்வதா, செர்ட்ராலின் போன்ற ஒன்றுக்கு மாறுவதா, மெதுவாகக் குறைப்பதா என்பதை உங்கள் நோயின் வரலாற்றை வைத்து முடிவு செய்யுங்கள். கடைசி மாதங்களிலும் மாத்திரை தொடர்ந்தால், பிறந்த குழந்தை சில நாள் நடுக்கமாகவும் அழுதுகொண்டும் இருக்கலாம்; பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். தாய்ப்பாலில் செர்ட்ராலின் மிகக் குறைவாகவே கலக்கிறது, எனவே பாலூட்டத் தடையில்லை.

கேள்வி: மனச்சோர்வுக்குச் செரட்டோனின் குறைவுதான் காரணம் என்ற கொள்கையே பொய்யாகிவிட்டதாமே? அப்படியானால் இத்தனை மாத்திரையும் ஏமாற்றா?

பதில்: செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் ஒரு விரிவான மறுஆய்வு சொன்னது. இத்துறையில் இருப்பவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சியாக இல்லை. செரட்டோனின் அளவு சில மணி நேரத்தில் உயர்கிறது, மனமோ சில வாரம் கழித்துத்தான் தேறுகிறது. பற்றாக்குறையை நிரப்புவது மட்டுமே வேலையென்றால் இந்தத் தாமதத்துக்கு விளக்கமில்லை. நரம்பணுக்கள் தம் இணைப்புகளை மெல்ல மாற்றிக்கொள்வதே பலனுக்குக் காரணமாக இருக்கலாம் என்பது இன்று பலர் ஏற்கும் கருத்து. ஒரு மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம் பிழைபடுவதும், அந்த மருந்து வேலையே செய்யவில்லை என்பதும் ஒன்றாகிவிடாது. பலன் இருக்கிறது என்பதைச் சோதனைகள் காட்டுகின்றன. அதேபோல, வெற்று மாத்திரையோடு உள்ள வித்தியாசம் சராசரியாகப் பார்த்தால் நடுத்தரமானதே என்பதையும் அவையே காட்டுகின்றன. இலேசான மனச்சோர்வுக்கு முதலில் உளவியல் சிகிச்சையும், தீவிரமானதற்கு மாத்திரையும் உளவியல் சிகிச்சையும் சேர்ந்து வேண்டும் என்பது என் நிலைப்பாடு. முதல் மாத்திரையிலேயே முழுமையாகக் குணமடைபவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். எனவே இரண்டாவதுக்கு மாற நேர்ந்தால் மனம் தளர வேண்டியதில்லை.

கேள்வி: வென்லாஃபாக்ஸின் ஒரு வருடம் சாப்பிட்டேன். நன்றாக இருந்ததால் நானே நிறுத்தினேன். மூன்றாம் நாள், கண்ணைத் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் பாய்வது போல "விருட்" என்கிறது, தலை சுற்றுகிறது, அழுகை வருகிறது. மறுபடி ஒரு மாத்திரை போட்டதும் சரியாகிவிட்டது. நான் இதற்கு அடிமையாகிவிட்டேனா?

பதில்: போதைப்பொருளுக்கு அடிமையாவது போன்றதில்லை இது. மாத்திரைக்காக ஏங்கவில்லை, மேலும் மேலும் கூடுதலாகத் தேவைப்படவில்லை, அதற்காக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. உடல் ஒரு மருந்தோடு பழகிவிட்டது, அது சட்டென்று விலகியதும் தடுமாறியது. வென்லாஃபாக்ஸின், பராக்ஸெடின் இரண்டும் உடலைவிட்டு விரைவாக வெளியேறுவதால் இத்தொல்லை அவற்றில் மிகுதி; மெதுவாக வெளியேறும் ஃப்ளுஆக்ஸெடினில் மிகக் குறைவு. தலைக்குள் மின்னதிர்ச்சி, குமட்டல், தெளிவான கனவுகள், எரிச்சல், அழுகை எல்லாம் நிறுத்திய சில நாளில் வந்து, பலருக்கு ஓரிரு வாரத்தில் அடங்கும். சிலருக்கு மாதக்கணக்கில் நீளும் என்பதை முன்பு மருத்துவர்கள் போதிய அளவு ஏற்றுக்கொள்ளவில்லை.

நோயே திரும்புகிறதா, நிறுத்தியதன் விளைவா என்று பிரித்தறிய இரண்டு குறிப்புகள் உதவும். நிறுத்தியதன் விளைவு சில நாளில் வரும், மின்னதிர்ச்சி போன்ற உடல் தொல்லைகளைக் கொண்டுவரும், மாத்திரையைத் திரும்பப் போட்டால் ஓரிரு நாளில் மறையும். நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் வாரங்கள் கழித்து, மெல்ல மெல்ல வரும். குறைக்கும்போது கடைசிப் படிகளில்தான் நிதானம் தேவை. சிறிய அளவிலேயே இம்மருந்துகள், செரட்டோனினை மீண்டும் உறிஞ்சும் மூளையின் செரட்டோனின் கடத்திகளில் பெரும்பகுதியைப் பற்றிக்கொள்கின்றன. ஆகவே பெரிய அளவிலிருந்து பாதியாகக் குறைப்பதைவிட, மிகச் சிறிய அளவிலிருந்து ஒன்றுமில்லாமல் ஆக்குவது உடலுக்குக் கடினம். வென்லாஃபாக்ஸின் காப்ஸ்யூலைத் திறந்தால் சில நிறுவனத் தயாரிப்புகளில் கடுகு போன்ற சிறு மணிகள் இருக்கும். வெள்ளைத் தாளில் கொட்டி, வாரந்தோறும் சில மணிகளைக் குறைத்துக்கொண்டே வந்து கரைசேர்ந்தவர்கள் உண்டு. மருத்துவரும் மருந்தாளுநரும் கணக்குப் போட்டுத் தந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள். மணிகளை நசுக்கக் கூடாது. நீடித்து வெளியாகும் மாத்திரைகளை உடைக்கவும் கூடாது.

எப்போது நிறுத்தலாம் என்றால், முதல் முறை நோய் வந்தவர்கள் முழுமையாகக் குணமான பிறகும் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம் அதே அளவைத் தொடர வேண்டும். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தேவைப்படும். உங்கள் சீட்டில் தூக்கத்துக்காகக் குளோனஸெபாம் போன்ற ஒன்றும் இருந்ததா என்று பாருங்கள். பழக்கத்தை உண்டாக்கும் மாத்திரை அதுதான். முதல் சில வாரத்துக்கென்று எழுதியதைச் சிலர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்துவிட்டு, பழியை மனச்சோர்வு மாத்திரையின்மேல் போடுகிறார்கள்.

கேள்வி: ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சாப்பிட வேண்டுமா?

பதில்: கூடாது. அதே நாளில் நினைவு வந்தால் அப்போதே சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டதை விட்டுவிட்டு வழக்கமான நேரத்தில் ஒன்றை மட்டும் சாப்பிடுங்கள். புப்ரோப்பியான் சாப்பிடுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரண்டை ஒன்றாகப் போட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு உயரும்.